கிளியின் இறகு கொட்டினால் எண்ணெய் தடவாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்ஜரிகர், காக்டெய்ல், லவ் பேர்ட், கொன்யூர் என்று கிளியினப் பறவைகளை வீட்டில் வளர்ப்பவர்கள் நம் ஊர்களில் இன்று ஏராளம். கூண்டுத் தட்டில் பத்து இறகு கிடந்தால் போதும், வீடே பதறிப்போகிறது. தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து தெளிக்கிறார்கள். கூண்டுக்கு அடியில் அந்துருண்டை போடுகிறார்கள். கடையில் பொட்டலம் கட்டித் தரும் ஆன்டிபயாட்டிக் பொடியைக் குடிநீரில் கரைத்து வைக்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூட இறகை வளர்க்காது. அந்துருண்டையின் ஆவி அவ்வளவு சிறிய உயிருக்கு நஞ்சு. இறகு எப்படி உண்டாகிறது, ஏன் விழுகிறது என்று தெரிந்தால் இந்தத் தவறுகளில் பெரும்பாலானவை நடக்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம். இடம் இருந்தால் முழுவதையும் வெளியிட வேண்டுகிறோம்.

தட்டில் கிடக்கும் ஒரு பெரிய இறகைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஓடுவது தண்டு. அதன் அடிமுனை, அதாவது தோலுக்குள் புதைந்திருந்த பகுதி, உள்ளே வெறுமையாக, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். தண்டின் இரு பக்கமும் சாய்வாகப் பிரிபவை இழைகள். ஒவ்வோர் இழையிலிருந்தும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றிழைகள் இருபுறமும் கிளைக்கின்றன. நுனிப்பக்கச் சிற்றிழைகளில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. அடுத்த இழையின் சிற்றிழைகளில் அந்தக் கொக்கி மாட்டிக்கொள்ள வரம்பு உண்டு. குழந்தைகளின் செருப்பில் பிரித்து ஒட்டும் பட்டை இருக்கிறதே, அதே வேலைதான். இறகை நுனியிலிருந்து அடிநோக்கி இழுத்தால் இழைகள் சிதறிப் பிரியும். அடியிலிருந்து நுனிநோக்கி விரலால் நீவினால் மறுபடி சேர்ந்து ஒரே தகடாகிவிடும். பறவை நாள் முழுவதும் அலகால் கோதுவது இதைத்தான்: அவிழ்ந்த கொக்கிகளை மாட்டுகிறது.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். ஒரு துளி எண்ணெய் பட்டாலே சிற்றிழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, இறகு நனைந்த பஞ்சுபோலக் கொத்துக்கொத்தாகிவிடும். மேல் இறகுகளுக்குக் கீழே இருக்கும் தூவிகள் காற்றை அடைத்து வைத்துத்தான் உடல் சூட்டைக் காக்கின்றன. எண்ணெய் பட்ட இடத்தில் அந்தக் காற்று நிற்காது. பறவை அதைச் சுத்தம் செய்ய ஓயாமல் கோதும், கோதிய எண்ணெய் வயிற்றுக்குள் போகும். பறவைக்குத் தேவையான எண்ணெயை அதன் வாலடியில் இருக்கும் சுரப்பியே தருகிறது. காக்டெய்ல், காக்கட்டூ, ஆப்ரிக்கன் கிரே ஆகிய கிளிகளுக்குக் கூடுதலாக ஒருவகைத் தூவிகள் உதிர்ந்து மாவாகி உடம்பெங்கும் பூசிக்கொள்ளும். கறுப்புச் சட்டையில் காக்டெய்ல் உட்கார்ந்தால் வெள்ளையாகப் படிவது அதுதான். அமேசான் கிளிகளுக்கு எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது, ஆனாலும் அவற்றின் இறகு பளபளப்பாகத்தான் இருக்கிறது. வெளியிலிருந்து நாம் பூச வேண்டிய தேவை எந்தக் கிளிக்கும் இல்லை.

வளர்ந்து முடிந்த இறகு உயிரற்ற பொருள். நம் முடியும் நகமும் போலக் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நகத்தை வெட்டினால் அடியிலிருந்து வளர்ந்துகொண்டே வரும். இறகை வெட்டினால் வெட்டியது வெட்டியபடியே நிற்கும், அடுத்த உதிர்ப்பில் அது விழுந்து புதியது முளைக்கும் வரை. ஒடிந்த, தேய்ந்த, நிறம் மங்கிய இறகை எந்த டானிக்காலும் சீராக்க முடியாது. மாற்ற மட்டுமே முடியும். அதை மாற்றத்தான் பறவை உதிர்க்கிறது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேனரிக் குருவிக்குச் சிவப்பு ஏறத் தரும் ‘கலர் ஃபுட்’டைச் சிலர் கிளிக்கும் வாங்கிப் போடுகிறார்கள். கேனரி அந்த நிறத்தைத் தீனியிலிருந்து எடுத்துக்கொள்ளும். கிளி அப்படியல்ல. கிளிகளின் மஞ்சளும் சிவப்பும் சிட்டாகோஃபல்வின் என்ற நிறமியால் வருபவை. அதைக் கிளி தன் இறகுக்குள் தானே செய்துகொள்கிறது. நீலத்துக்கு நிறமியே இல்லை. இழைக்குள் இருக்கும் நுண்துளை அமைப்பில் ஒளி சிதறுவதால் நீலமாகத் தெரிகிறது. அந்த நீலத்தின் மேல் மஞ்சள் படிந்தால் பச்சை. மஞ்சள் நிறமியைச் செய்யும் நொதியின் மரபணு பழுதானதால்தான் நீல பட்ஜரிகர் உண்டாயிற்று என்று 2017-ல் கண்டறிந்தார்கள். ஆகவே கலர் ஃபுட் வாங்கும் காசுக்குக் காரட் வாங்கிப் போடலாம். பச்சை இறகின் ஓரம் கறுத்து அழுக்கேறினாற்போல் இருந்தால் அது சாயம் போனதன் அடையாளம் இல்லை. இறகு தேய்ந்திருக்கலாம், எண்ணெயோ கைப்பிசுக்கோ பட்டிருக்கலாம். புதிதாக முளைத்த இறகிலும் கறுப்பு வந்தால் சத்துக் குறைவையும் கல்லீரல் கோளாறையும் சந்தேகிக்க வேண்டும்.

புது இறகு முளைப்பது தோலில் இருக்கும் குழியில். பழைய இறகைப் புதியதே கீழிருந்து தள்ளி வெளியேற்றுகிறது. இயல்பாக விழுந்த இறகுக்கு அடியில் வாரிசு தயாராக இருக்கிறது என்று பொருள். முளைக்கும்போது அது முள்போலத் தெரியும். வெளியே மெல்லிய உறை, உள்ளே சுருட்டி வைத்த இழைகள், நடுவில் ரத்தக்குழாய். அந்தப் பருவத்தில் தண்டு கருநீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரியும். இதை ரத்த இறகு என்பார்கள். இழைகள் உருவாகி முடிந்த பகுதியிலிருந்து ரத்தம் கீழே பின்வாங்கிக்கொள்ளும், நுனியிலிருந்து உறை காய்ந்து வெள்ளையாகி உதிரும், இறகு விரியும். கூண்டுத் தட்டிலும் பறவையின் தலையிலும் பொடுகுபோலக் காணும் வெள்ளைத் தூள் இந்த உறைதான். அதைப் பார்த்துப் பூஞ்சை என்று மருந்து தெளிக்க வேண்டாம்.

உதிர்ப்பு முறையாக நடந்தால் பறவையின் உடம்பில் எங்கும் சொட்டை விழாது. கிளிகளுக்கு ஒரு சிறகில் பெரிய பறக்கும் இறகுகள் 10, வாலில் 12. சிறகில் நடுவில் இருக்கும் இறகு, பெரும்பாலும் உள்ளிருந்து ஆறாவது, முதலில் விழும். பிறகு அதற்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டு போகும். இடச் சிறகில் விழுந்தது சில நாளில் வலச் சிறகிலும் விழும். பறக்கும் திறன் போய்விடக் கூடாது என்பதற்காக இயற்கை வைத்திருக்கும் ஒழுங்கு இது. பட்ஜரிகருக்கு 3 முதல் 4 மாதத்தில் முதல் உதிர்ப்பு. நெற்றியில் அலகுவரை இருந்த வரிகள் அதில்தான் மறையும். காக்டெய்லுக்கு ஏறத்தாழ 6 மாதத்தில். சிறு பறவைகள் உடல் இறகை மாற்றச் சில வாரங்கள் ஆகும். அமேசான், மக்காவ் போன்ற பெரியவை எல்லாப் பறக்கும் இறகுகளையும் மாற்றி முடிக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

ஆகவே எத்தனை இறகு விழுந்தது என்று எண்ணாதீர்கள். விழுந்த இடத்தில் முள் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். பறவை அமைதியாக இருக்கும்போது தலையின் பின்புறத்திலும் கழுத்திலும் வாயால் மெல்ல ஊதினால் முட்கள் தெரியும். முள் இருந்தால் கவலை இல்லை. மூன்று நான்கு வாரமாகியும் வெறும் தோல்தான் தெரிகிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். சிறகின் அடியிலும் கழுத்தின் பக்கவாட்டிலும் இறகே முளைக்காத பட்டைகள் கிளிகளுக்கு இயல்பாகவே உண்டு. லுட்டினோ என்ற வெளிர்மஞ்சள் வகைக் காக்டெய்லின் கொண்டைக்குப் பின்னால் இருக்கும் வழுக்கை பரம்பரையாக வருவது. இந்த இரண்டையும் நோய் என்று எண்ணிவிடக் கூடாது.

உதிர்ப்பு எப்போது தொடங்க வேண்டும் என்பதைப் பகல் நீளமும் இனப்பெருக்கமும் தைராய்டு சுரப்பும் சேர்ந்து முடிவு செய்கின்றன. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் மாதக் கணக்கு நமக்குப் பொருந்தாது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். பட்ஜரிகரோ ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் மழை பெய்யும் இடம் தேடி அலைந்து, பெய்தபோது முட்டையிடும் பறவை. எனவே நம் வீடுகளில் அது எந்த மாதத்திலும் உதிர்க்கும், சில சமயம் ஆண்டு முழுக்கச் சிறிது சிறிதாக உதிர்த்துக்கொண்டே இருக்கும்.

அதைக் கெடுப்பது நம் விளக்குகள். முட்டைக்கோழிப் பண்ணைகளில் கோழி விடாமல் முட்டையிட நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் தருவார்கள். காலை 6 மணிக்கு விளக்கைப் போட்டு இரவு 11 மணிவரை டிவி ஓடும் ஹாலில் தொங்கும் கூண்டுக்குக் கிடைப்பது 17 மணி நேரம்! அந்தப் பறவையின் உடம்பு எப்போதும் முட்டையிடும் பருவத்திலேயே நிற்கிறது. முறையான உதிர்ப்பு தள்ளிப்போகும், அல்லது தொடங்கி முடியாமல் இழுக்கும். மாலை 7 மணிக்குக் கூண்டை அமைதியான அறைக்கு மாற்றி 10 முதல் 12 மணி நேரம் இருட்டில் தூங்கவிட்டால், வேறொன்றும் செய்யாமலே பல பறவைகள் சீராகிவிடுகின்றன. காக்டெய்லுக்கு மட்டும் ஒரு விலக்கு. அது இருட்டில் சிறு சத்தத்துக்கும் மிரண்டு கூண்டில் மோதி, முளைக்கும் இறகை ஒடித்துக்கொள்ளும். அதற்கு மூலையில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும். உதிர்க்கும் ஜோடியின் கூண்டிலிருந்து முட்டையிட வைத்த மண் பானையை எடுத்துவிட வேண்டும். முட்டைக்கும் இறகுக்கும் ஒரே நேரத்தில் புரதம் கொடுக்க அந்த உடம்பால் முடியாது.

புரதம் என்றதும் தீனிக்கு வருகிறோம், நம் ஊரில் பெரும்பாலான கோளாறு தொடங்கும் இடம் இதுதான். இறகின் எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் புரதம். அதிலும் கந்தகம் உள்ள மெத்தியோனின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் நிறைய வேண்டும். வெறும் தினையும் சாமையும் சூரியகாந்தி விதையும் போட்டால் மாவும் கொழுப்பும் போகும், லைசின் என்ற அமினோ அமிலம் பற்றாது, வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை, கால்சியம் மிகக் குறைவு, அயோடினும் போதாது. தினையில் புரதம் 12 சதவீதம் இருந்தாலும் அது முழுமையான புரதம் இல்லை. விதை மட்டுமே தின்னும் பட்ஜரிகருக்கு அயோடின் குறைந்து கழுத்தில் தைராய்டு வீங்கி, மூச்சு விடும்போது கீச்சென்ற ஒலி கேட்கும்.

உதிர்ப்புக் காலத்தில் ஒரு பட்ஜரிகருக்கு அரைத் தேக்கரண்டி, காக்டெய்லுக்கு ஒரு தேக்கரண்டி அளவு வேகவைத்த முட்டையை, வெள்ளை மஞ்சள் இரண்டையும் சேர்த்து மசித்து, வாரத்துக்கு மூன்று நாள் காலையில் கொடுங்கள். முட்டை 10 நிமிடமாவது கொதித்து நன்றாக வெந்திருக்க வேண்டும். முட்டை ஓட்டையும் காயவைத்துப் பொடித்துச் சேர்க்கலாம். உப்பு கூடாது. நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் முட்டை இருக்கக் கூடாது. மிச்சத்தை எடுத்து எறிந்து கிண்ணத்தைக் கழுவுங்கள். மற்ற நாள்களில் முளைகட்டிய பச்சைப்பயறு. பயறில் லைசின் அதிகம், மெத்தியோனின் குறைவு. தினையில் அது நேர்மாறு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். நாம் சோறும் பருப்பும் சேர்த்துச் சாப்பிடுவதும் இதே கணக்குதான். முளைகட்டிய பயறில் வழவழப்போ புளிப்பு வாசனையோ வந்தால் கொடுக்க வேண்டாம். வைட்டமின் ஏ-வுக்கு முருங்கைக்கீரை, பரங்கிக்காய், காரட் துருவல். கீரையை உப்பில்லாத தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு ஈரத்தோடு கூண்டில் செருகினால் பட்ஜரிகர் அதில் புரண்டு குளித்துவிட்டுத் தின்னும். கால்சியத்துக்குக் கணவாய் ஓடு எப்போதும் தொங்கட்டும். அவகாடோ, சாக்லேட், வெங்காயம் அறவே கூடாது.

வைட்டமின் சொட்டு மருந்தைக் குடிநீரில் கலக்கும் பழக்கத்தை நாங்கள் ஆதரிப்பதில்லை. வெளிச்சத்திலும் சூட்டிலும் வைட்டமின் சீக்கிரம் சிதைகிறது, தண்ணீரில் கிருமி பெருகுகிறது, சுவை பிடிக்காமல் பறவை தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறது. வைட்டமின் ஏ-வும் டி-யும் அளவு மீறினால் உடம்பில் தங்கி நஞ்சாகும். கொடுத்தே தீர வேண்டுமென்றால் மருத்துவர் சொன்ன அளவில் முட்டையின் மேல் தடவிக் கொடுக்கலாம். விதையிலிருந்து பெல்லட் என்ற உருண்டைத் தயார்த் தீனிக்கு மாற்ற நினைப்பவர்கள் உதிர்ப்பு முடியும்வரை பொறுங்கள். புதுத் தீனியைப் பார்த்துப் பட்டினி கிடக்கும் பறவை, இறகு முளைக்கும் வாரத்தில் தன் தசையைக் கரைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் சமையலறைத் தராசு வாங்குங்கள். காலையில் தீனிக்கு முன் எடை போட்டுக் குறித்து வையுங்கள். நம் ஊர் பட்ஜரிகர் பெரும்பாலும் 30 முதல் 40 கிராம், காக்டெய்ல் 80 முதல் 110 கிராம் இருக்கும். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அதை உதிர்ப்பின் கணக்கில் எழுத வேண்டாம், நோய் இருக்கிறது.

குளியல் எளிது. இரண்டு விரற்கடை ஆழத் தட்டில் வெறும் தண்ணீர், அல்லது மேலிருந்து பனிபோல் விழும் தெளிப்பான். வாரத்தில் மூன்று நான்கு நாள், மாலைக்குள் காய்ந்துவிடும்படி முற்பகலில். முள்ளின் உறை ஈரத்தில் இளகி எளிதாக உதிரும். ஏசி அறையில் வைத்திருந்தால் இன்னும் அடிக்கடி வேண்டும். சோப்பு, மஞ்சள் தண்ணீர், ஷாம்பு எதுவும் வேண்டாம். ஹேர் டிரையரால் காயவைக்கவும் வேண்டாம். சில டிரையர்களின் உட்பூச்சு சூடேறி விடும் வாயு நான்ஸ்டிக் பாத்திரப் புகையைப் போலவே பறவையின் நுரையீரலைச் சில நிமிடங்களில் அழித்துவிடும்.

முள் முளைத்திருக்கும் பறவை தொட்டால் கடிக்கும், கத்தும். அதை அதட்ட வேண்டாம், முள்ளின் அடியை அழுத்தினால் அதற்கு வலிக்கும். தலையில் உள்ள உறையைப் பறவையால் தானே கோத முடியாது. ஜோடி இருந்தால் அது செய்துவிடும். தனிப் பறவையாக இருந்தால், நன்றாக வெளுத்துக் காய்ந்த உறையை மட்டும் இரு விரல் நுனிக்கு நடுவே மெல்ல உருட்டிவிடலாம். அடியில் கருமை தெரியும் முள்ளைத் தொடாதீர்கள்.

ரத்த இறகு ஒடிந்தால் என்ன செய்வது என்பது எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. பறவையின் ரத்தம் அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 35 கிராம் பட்ஜரிகரிடம் இருப்பது மொத்தம் 3.5 மில்லிலிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏழு சொட்டு, போனால் தாங்கும். அதற்கு மேல் ஆபத்து. 90 கிராம் காக்டெய்லுக்கு அந்த எல்லை சுமார் 18 சொட்டு. ஆகவே கூண்டுக் கம்பியில் ரத்தம் கண்டதும் விளக்கைக் குறைத்து, மெல்லிய துணியால் பறவையைப் பிடியுங்கள். நெஞ்சை அழுத்தக் கூடாது. பறவைக்கு உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. எங்கிருந்து வடிகிறது என்று கண்டுபிடித்து, ஒடிந்த முனையில் சோள மாவை அப்பி, சுத்தமான பஞ்சால் மூன்று நான்கு நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைந்தது கலைந்துவிடும். நின்றதும் தாழ்ந்த குச்சி உள்ள சிறிய கூண்டில் அரையிருட்டில் விடுங்கள். நகத்துக்குப் போடும் ரத்தம் நிறுத்தும் பொடியை இறகுக் குழிக்குள் போடாதீர்கள், திசு வெந்துவிடும்.

ஒடிந்த இறகை உடனே பிடுங்கிவிட வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ரத்தம் நின்றுவிட்டால் பிடுங்கத் தேவையே இல்லை. சிறகின் உட்புற இறகுகள் முன்கை எலும்பின் மேலுறையோடு பிணைந்திருப்பவை. தெரியாமல் இழுத்தால் எலும்பே ஒடியும். குழி கிழிந்தால் அடுத்து வரும் இறகு கோணலாக முளைக்கும், அல்லது தோலுக்குள்ளேயே சுருண்டு கட்டியாகும். இரண்டாவது முறையும் வடிந்தால் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

எது உதிர்ப்பு இல்லை என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தலையைப் பாருங்கள். உடம்பெல்லாம் கந்தலாகி, தலை மட்டும் முழு இறகோடு இருந்தால் பறவை தன் இறகைத் தானே பிடுங்குகிறது. அலகு எட்டாத ஒரே இடம் தலை. தனிமை, அடைசலான கூண்டு, தூக்கமின்மை, காக்டெய்லுக்குக் குடலில் வரும் ஜியார்டியா ஒட்டுண்ணி, புதிய துத்தநாகப் பூச்சுக் கம்பியைக் கடிப்பதால் ஏறும் நஞ்சு என்று இதற்குக் காரணம் பல. தலையிலும் சொட்டை என்றால் கூட இருக்கும் பறவை பிடுங்குகிறது, அல்லது பூச்சியோ நோயோ இருக்கிறது. பட்ஜரிகரின் அலகு மூட்டிலும் மூக்குச் சதையிலும் தேன்கூடுபோல் துளைத்த சுண்ணாம்புப் பொருக்கு வந்தால் அது முகச் சொறிப்பூச்சி. மருத்துவர் எடைக்கு ஏற்ற அளவில் ஐவர்மெக்டின் தந்தால் தீரும். மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தைக் கண்ணளவில் சொட்டுவிட்டுக் கொன்றவர்கள் உண்டு. இரவில் மட்டும் வந்து ரத்தம் குடிக்கும் சிவப்புப் பேன் பகலில் மரப்பலகை இடுக்கில் ஒளிந்துகொள்ளும். கூண்டின் மேல் வெள்ளைத் துணி போட்டு விடிவதற்குள் எடுத்துப் பார்த்தால் துணியில் சிவப்புப் புள்ளிகளாக நகரும்.

இவற்றைவிடக் கொடியது வைரஸ். பானையை விட்டு இறங்கும் பருவத்தில் பட்ஜரிகர் குஞ்சுகளுக்குச் சிறகின் பெரிய இறகும் வாலிறகும் இருபுறமும் சேர்ந்தாற்போல் கொட்டி, பறக்க முடியாமல் தரையில் ஓடினால் அது பிரெஞ்ச் மோல்ட். பெயரில் மோல்ட், அதாவது உதிர்ப்பு, என்று இருந்தாலும் அது உதிர்ப்பு கிடையாது. பாலியோமா வைரஸோ சர்க்கோ வைரஸோ காரணம். சில குஞ்சுகளுக்கு இறகு திரும்ப முளைக்கும், ஆனால் பறவை தேறிவிட்டது என்று நம்பி விற்கவோ ஜோடி சேர்க்கவோ கூடாது. அதன் உடம்பில் வைரஸ் தங்கியிருக்கலாம். நோய் வந்த கூட்டில் ஜோடி சேர்ப்பதை நிறுத்தி, பானைகளை உடைத்துப் போட்டுவிடுங்கள். பெரிய கிளிகளில் சர்க்கோ வைரஸ் அலகு, இறகு நோயாக வரும். புதிய இறகுகள் உறை கழலாமல் தடித்து, குட்டையாகச் சுருண்டு, தண்டுக்குள் காய்ந்த ரத்தத்தோடு விழும். காக்கட்டூவின் அலகில் மாவு படிவது நின்று கறுப்பாகப் பளபளக்கும். ரத்தமும் இறகும் அனுப்பிப் பிசிஆர் சோதனை செய்தால் தெரிந்துவிடும். குணமாக்கும் மருந்து இல்லை. இறகுத் தூசியிலும் எச்சத்திலும் பரவுவதால், சந்தையில் வாங்கிய பறவையைக் குறைந்தது 30 நாள் வேறு அறையில் வைத்து, அதற்குத் தீனி போட்ட கையைக் கழுவாமல் பழைய கூண்டைத் தொடாதிருப்பதே காப்பு.

மருத்துவரிடம் போகும்போது விழுந்த இறகுகளை ஒரு காகித உறையில் தேதி எழுதி எடுத்துச் செல்லுங்கள். அடிமுனை கூராக, தெளிவாக, வெறுமையாக இருந்தால் இயல்பாக விழுந்தது. நடுவில் கடித்துக் கந்தலாகியிருந்தால் பறவை செய்தது. அடியில் ரத்தக்கறை இருந்தால் முளைக்கும்போதே பிடுங்கப்பட்டது அல்லது நோய். இறகை வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கே கோடு கிழித்தாற்போல் மெலிந்த வரி சில நேரம் தெரியும். அந்த இடம் முளைத்த நாளில் பறவை பட்டினி கிடந்ததோ மிரண்டதோ காய்ச்சலில் இருந்ததோ அதில் பதிந்திருக்கிறது. ஒன்றிரண்டு வரிக்குப் பயமில்லை. இறகுக்கு இறகு ஒரே உயரத்தில் பல வரிகள் இருந்தால் தீனியைத் திருத்த வேண்டும். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களை அணுகுங்கள். தொடக்கத்தில் சொன்ன ஆன்டிபயாட்டிக் பொட்டலப் பொடியைக் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உதிர்ப்பு மாதங்களில் கூண்டைச் சுற்றிப் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். இறகுத் தூசியை நாள்பட மூச்சில் இழுப்பவர்களுக்கு நுரையீரல் அழற்சி வரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் காக்டெய்லைப் படுக்கையறையில் வைக்கவே கூடாது.

கடைசியாகச் சிறகு வெட்டுவது. கடைகளில் ஒரு பக்கச் சிறகை மட்டும் அடியோடு வெட்டித் தருகிறார்கள். அந்தப் பறவை பறக்க முயன்றால் சுழன்று விழுந்து நெஞ்செலும்பில் அடிபடும். வெட்டிய கட்டைகளுக்கு நடுவே புது இறகு முளைக்கும்போது அதற்குப் பக்கத்தில் தாங்க நீண்ட இறகு இல்லாததால் எதில் பட்டாலும் ஒடிந்து ரத்தம் வரும். ஆகவே வெட்டாதிருப்பதே நல்லது.

நம் பச்சைக்கிளி, அதாவது கழுத்தில் வளையம் உள்ள நாட்டுக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் தெரியவந்ததும் பயந்துபோய்ச் சிலர் சிறகு வெட்டிய கிளியை மொட்டை மாடியிலிருந்து பறக்க விடுகிறார்கள். வெட்டிய இறகு ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும் என்ற நினைப்பு. அது வளராது. அடுத்த உதிர்ப்பு வந்து, கட்டை விழுந்து, புதியது முழு நீளம் எட்டும்வரை அந்தக் கிளி தரையில்தான் இருக்கும், அதற்குள் காகமோ பூனையோ முடித்துவிடும். அப்படிக் கிளி வைத்திருப்பவர்கள் அதை வனத்துறையிடம் ஒப்படையுங்கள். இரு சிறகிலும் பத்துப் பத்து இறகும் முழுதாக வந்து, பெரிய கூண்டில் தடுமாறாமல் பறக்கிறது என்று உறுதியான பிறகே வெளியே விட வேண்டும்.

இப்படிக்கு,
கூண்டுப் பறவை வளர்ப்போர் சிலர்,
கோயம்புத்தூர்